சத்தம் போடாத கிற்றார்

தில்லைநாதன் கப்பலை விட்டு ஐந்து மாதம் முந்தியே வீடு வந்து சேர்ந்ததற்கு, ஊர் வயிற்றுவலி என்று காரணம் சொன்னது. அந்தக் காரணத்தை ஊருக்கு எடுத்துக் கொடுத்தவன் அவனேதான். ஏடன் துறைமுகத்தில் இறங்கி, பம்பாய்க்குப் போன இன்னொரு கப்பலில் இடம்பிடித்து, பிறகு ரயிலும் தலைமன்னார்க் கப்பலுமாக அலைந்து, 1974 சித்திரையில் வல்வெட்டித்துறைச் சந்தியில் வந்து இறங்கினான். பெட்டியை வாங்கிக்கொள்ள வந்த மைத்துனன் நாகலிங்கம் கேட்ட முதற் கேள்வியே, ஏன் அத்தான் இப்பவே வந்துவிட்டீர்கள் என்பதுதான். வயிற்றுக்குத்து என்றான் தில்லைநாதன். பொழுது சாய்வதற்குள் அந்த வயிற்றுக்குத்துக்கு ஊரில் ஒன்பது கைமருந்து தயாராகிவிட்டது.

அந்தக் கரையில், கப்பலுக்கே போகாத ஆண்பிள்ளையைக்கூட ஒருமாதிரிப் பொறுத்துக்கொள்வார்கள். போய்விட்டுப் பாதியில் இறங்கி வந்தவனுக்குத்தான் காரணம் வேண்டும். வயிறு நல்ல காரணம். எவரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு அவன் கொடுத்த விலையும் சின்னதில்லை. மனைவி இராசமலர் அன்றைக்கே மிளகாய்த்தூள் போத்தலை மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டாள். அவித்த மீன், பால்சொதி, கஞ்சி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு மனுசன் உறைப்பில்லாமல் நாலு மாதம் சாப்பிட்டான் என்றால், அவன் எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மறைத்தது இதுதான். அவனுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. கப்பலின் படுக்கை அறைக்குப் பயந்து ஓடிவந்தவன் அவன்.

எஞ்சின் அறையில் அவனுக்கு ஒயிலர் வேலை. எண்ணெய்க் குவளையும் துணியுமாக, சுற்றுகிற, மேலும் கீழும் போகிற உறுப்புகளுக்குத் தாகம் தீர்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அந்த வேலை அவனுக்கு உயிர். வெக்கையும் இரைச்சலும் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நாளில் எட்டு மணித்தியாலம்தான் வேலை. மிச்சம் பதினாறும் நாலு பேருக்கு ஒரு கேபின். அதுவும் நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடத்தில். முறை வேலை என்பதால் எந்நேரமும் எவனாவது ஒருவன் படுத்திருப்பான். விளக்குப் போடக்கூடாது, கதைக்கக்கூடாது. தலைமாட்டில் அரை அங்குல இரும்புத் தகடு. தகட்டுக்கு அந்தப் பக்கம் கடல். அது உரசிக்கொண்டு போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கவேண்டும்.

முதல் மூன்று மாதம் சமாளித்தான். கப்பலின் சமையற்காரர் கோவாவைச் சேர்ந்தவர், ஒரு கிற்றார் வைத்திருந்தார். தில்லைநாதனுக்கும் கிற்றார் தெரியும். இருபது வயதில் ஊர்த் திருவிழா மேடைகளில் இசைக்குழுவோடு வாசித்தவன். பின்தளத்தில் இருவரும் மாறிமாறி வாசித்தார்கள். அதை ஒருநாள் அறைக்குக் கொண்டுபோய் மெல்லத் தட்டியபோது படுத்திருந்தவர்கள் எழும்பிச் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிறகு சமையற்காரர் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார், கிற்றாரும் அவரோடு இறங்கியது. அதற்குப் பிறகுதான் தில்லைநாதனுக்கு நித்திரை போனது. தகட்டின் தறையாணிகளை எண்ணினான். எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினான். ஒருநாள் எஞ்சின் அறையில், திறக்கக்கூடாத எண்ணெய் வால்வில் கை போய்விட்டது. அரைச் சுற்றுத் திறந்த பிறகு அவனே கண்டு அவனே பூட்டினான். வேறெவரும் காணவில்லை. கண்டவன் அவன் ஒருவன்தான், ஆனால் அது போதும். முப்பத்தொரு பேரைச் சுமந்து போகிற கப்பலில் நித்திரையில்லாத ஒருவன் எண்ணெய் வால்வுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. அடுத்த துறை ஏடன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

வைகாசியில் கொழும்பு முகவரிடமிருந்து கடிதம் வந்தது. அதே கப்பல், அதே வேலை. ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி வந்து கையெழுத்து வைக்கவேண்டும். வராவிட்டால் பெயர் வெட்டப்படும், வெட்டினால் வெட்டினதுதான். போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை நெஞ்சை முட்டியது. ஆனால் அந்த அறையை நினைத்தால் உள்ளங்கை வேர்த்தது. போனால் நித்திரை வருமா, வராதா? அவன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டு நின்றது.

வழி கிடைத்தது பஸ்ஸில். நெல்லியடிக்குப் போகிற வழியில், முன்னிருக்கையில் இருந்த ஒரு அலுவலகக் கிளாக்கர் சட்டைப் பைக்குள் சின்ன றேடியோவை வைத்து, காதுக்குள் ஒரு குமிழைச் செருகிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் வாயைத் திறந்து நல்ல நித்திரை. பாட்டு ஒருவருக்கு மட்டும்; மற்றவருக்கு ஒன்றுமே இல்லை. தில்லைநாதன் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டான்.

அப்படி ஒரு கிற்றார் வேண்டும். வெளியே சத்தம் போடாது. வாசிப்பவன் காதுக்குள் மட்டும் பேசும். வயிறு பெருத்த பெட்டி அதற்குத் தேவையில்லை. ஒரு பலகை போதும். தலைப்பகுதியும் தேவையில்லை. நரம்பை முறுக்குகிற ஆணிகளை அடிப்பக்கத்தில் வைத்துவிட்டால் மொத்த நீளம் இரண்டரை அடிக்குள் அடங்கும், கப்பற்பைக்குள் போகும். அந்த நாளில் இறக்குமதி எல்லாம் தடை. கடையில் கிற்றார் நரம்பு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் இப்படி ஒரு சாமானை எந்தக் கடையில் போய்க் கேட்பது? தானே செய்யவேண்டியதுதான்.

ஜன்னல் சட்டத்துக்கென்று கிடந்த பலாப்பலகையை எடுத்துச் சீவினான். இசைக்குழுவின் பழைய கிற்றாரை இரவல் வாங்கி, விரல் வைக்கும் கட்டங்களைக் கடதாசியில் பிரதி எடுத்தான். அதுவரை எல்லாம் சுகம். சிக்கல் உலோக வேலையில் வந்தது. நரம்பை எப்படி இறுக்குவது? அதற்கும் கடலே வழி சொன்னது. பாய்க்கப்பலில் பாய்மரத்தைப் பிடித்து நிற்கிற கம்பிகளை இறுக்க ஓர் இறுக்கி உண்டு. நடுவிலே ஒரு குழாய்; அதன் ஒரு முனையில் வலப்புரித் திருகு, மறுமுனையில் இடப்புரித் திருகு. குழாயை முறுக்கினால் இரண்டு முனையும் ஒன்றையொன்று தேடி உள்ளே வரும். அதையே சுண்டுவிரல் அளவில் ஆறு செய்தால் ஆறு நரம்பும் நிற்கும். எல்லாம் பித்தளையில். கடற்காற்றுப் படுகிற இடத்தில் இரும்பு வைக்கிறவனை அவன் பரம்பரையில் ஒருவரும் மதித்ததில்லை. மூன்று மாதத்தில் துருவாகக் கொட்டிவிடும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஆணியில் இருந்து மூடிவரை, பித்தளை தவிர வேறொன்றை அவன் நினைத்தும் பார்க்கவில்லை.

சாவகச்சேரியில் மார்க்கண்டு லேத் வைத்திருந்தார். தோட்டத்து நீர்ப்பம்புகளைத் திருத்துகிறவர், கை நல்ல கை. அவரிடம் படத்தை நீட்டியபோது, எதற்கு என்று கேட்டார். ஒரு கப்பற்காரன் கிற்றாருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் அறை வரும், நித்திரை வரும், வால்வு வரும். ஆகவே, கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஒரு விளையாட்டுக் கப்பல் செய்கிறேன் என்றான்.

மார்க்கண்டு படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "உது ஆருக்குத் தம்பி, எலியளுக்கோ கப்பல் விடுறாய்?" என்றார்.

எலிக்கப்பலுக்கு அவர் முதலில் செய்து தந்த ஆறும் உதவவில்லை. இரண்டு முனையிலும் வலப்புரியே வெட்டியிருந்தார்; குழாயை முறுக்கினால் அது சிவனே என்று ஒரு பக்கமாக நடந்து போனதே தவிர, ஒன்றும் இறுகவில்லை. இடப்புரி வெட்ட அவரிடம் கருவி இருக்கவில்லை. எரிச்சற்பட்டு, பழைய அரத்தை உடைத்துத் தீட்டி அவரே அதற்கு ஒரு கருவி செய்தார். மூன்று வாரம் போனது. ஆனால் கடைசியில் வந்த ஆறு இறுக்கிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது தில்லைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. நகை மாதிரி இருந்தன.

அடுத்தது, நரம்பின் அதிர்வைப் பிடித்துக் காதுக்கு அனுப்புகிற சுருள். ஒரு காந்தத்தைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றவேண்டும் என்பதை ஒரு பழைய சஞ்சிகையில் பார்த்திருந்தான். யாழ்ப்பாணத்தை அடுத்த கொழும்புத்துறையில் லூர்த்தம்மா என்று ஒரு பெண் றேடியோ திருத்தினாள். புருஷன் உயிரோடு இருந்தபோது பதினொரு வருடம் பக்கத்தில் இருந்து ஈயம் பற்ற வைத்தவள். அவர் போன பிறகு கடையைப் பூட்டவில்லை. வருகிறவர்கள் ஐயா இல்லையோ என்று கேட்டால், ஐயா படத்தில் இருக்கிறார், நீங்கள் றேடியோவைத் தாருங்கள் என்பாள். அவளிடம் உடைந்த ஒலிபெருக்கிக் காந்தமும், பழைய மின்மாற்றியில் உரித்த கம்பியும், செத்துப்போன ஒரு சட்டைப்பை றேடியோவில் சத்தத்தைப் பெருக்குகிற உயிருள்ள பாதியும் வாங்கினான். காதுக்குமிழும் அவளே தந்தாள். எதற்கு என்று அவளும் கேட்டாள். கப்பல் ரெலிபோனுக்கு என்றான் இவன். ஒரு பொய்யைச் சாவகச்சேரியிலும் இன்னொன்றைக் கொழும்புத்துறையிலும் வைத்துப் பராமரிப்பது சுலபமில்லை. பஸ்ஸில் வரும்போது எது யாரிடம் சொன்னது என்று தனக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தான்.

சுருளைச் சுற்றியவள் இராசமலர். அவளுடைய தையல் மெஷினில் நூல் சுற்றுகிற ஊசி இருக்கிறதே, அதில் சுருளுக்கான கட்டையைச் செருகி, காலால் மெல்ல மிதித்து, கம்பியை இரண்டு விரலுக்கிடையில் ஓடவிட்டாள். ஆறாயிரம் சுற்று. நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தாள். கம்பி இரண்டுமுறை அறுந்தது. இரண்டுமுறையும் முதலில் இருந்து தொடங்கினாள். இது என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. பொழுதுபோக்குக்கு என்று அவனே சொன்னான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிதித்தாள்.

நரம்புக்கு யாழ்ப்பாணப் பட்டினம் போனான். வீணைத் தந்தி விற்கிற கடை ஒன்று இருந்தது. மேல் இரண்டுக்கும் உருக்குத் தந்தி, அடித் தந்திகளுக்குப் பித்தளை, அதுதான் முறை என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். உருக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஆறும் பித்தளையில் தரச்சொன்னான் தில்லைநாதன். வீணை யாருக்கு என்றார். மருமகளுக்கு என்றான். மெல்லிய பித்தளை சுருதி தாங்காது, அறும் என்று அவர் இரண்டுதரம் சொன்னார். இவன் கேட்கவில்லை. உருக்கும் இரும்புதானே? கப்பலில் துருப்பிடித்த நரம்போடு நடுக்கடலில் என்ன செய்வது? கடைக்காரர் அந்த மருமகளுக்காகப் பரிதாபப்பட்டுத்தான் தந்திகளைச் சுற்றிக் கொடுத்திருப்பார்.

ஆடிப்பிறப்பன்று எல்லாம் பொருந்தி முடிந்தது. வீட்டில் ஆடிக்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பலகை வழுவழுவென்று, பித்தளை மினுங்க, இரண்டரை அடிக்குள் அடக்க ஒடுக்கமாகக் கிடந்தது கிற்றார். மெல்லிய நரம்பு இரண்டு முறை அறுந்தது. சுருதியைக் கொஞ்சம் இறக்கி நிறுத்தினான். பற்றரியைப் போட்டு, குமிழைக் காதில் செருகி, நரம்பை இழுத்தான்.

ஒன்றுமில்லை.

பலகையை விரலால் தட்டினால் காதுக்குள் டொக் என்றது. ஆக, சுருளுக்கு உயிர் இருக்கிறது. நரம்பை இழுத்தால் மட்டும் ஊமை. சுருள் தளர்வாக இருப்பதால் தட்டுகிற சத்தத்தைப் பிடிக்கிறது, நரம்பைப் பிடிக்கவில்லை என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்தான். இராசமலர் திரும்ப ஆறாயிரம் சுற்றினாள், இறுக்கி. இப்போது தட்டினாலும் கேட்கவில்லை. சுருளை மட்டும் கழற்றிக்கொண்டு கொழும்புத்துறைக்கு ஓடினான். லூர்த்தம்மா மீற்றரை வைத்துப் பார்த்து, உன்னுடைய ரெலிபோன் சுருளில் ஒரு பிழையும் இல்லை என்றாள். மூன்றாம் முறை எண்ணாயிரம். காந்தத்தையும் மாற்றினான். சோழகக் காற்று வீட்டு வேலியைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும் அவன் முகத்தைப் பார்க்கவே முடியாமல் இருந்தது. நாட்கள் அவனைக் கேட்டுக்கொண்டா போகின்றன? ஓகஸ்ட் பிறந்தது.

ஓகஸ்ட் மூன்றாம் திகதி காலை, கொழும்பு முகவருக்குக் கடிதம் எழுதினான். உடல்நிலை காரணமாக வர இயலாது, பெயரை நீக்கிக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தது. எழுதி ஒட்டி மேசையில் வைத்துவிட்டு, தபாலில் போடச்சொல்லி இராசமலரிடம் சொன்னான். அவள் ஓம் என்றாள். மேசைக்கு மறுபக்கத்தில் அவனுடைய சட்டைக்குத் தெறி தைத்துக்கொண்டிருந்தாள். போகாத பயணத்துக்குச் சட்டை எதற்கு என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. வேறு வேலையும் இல்லாததால் கடைசியாக ஒரு தரம் குமிழைக் காதில் வைத்து, நரம்புகளைச் சும்மா வருடிக்கொண்டிருந்தான். ஊமைதான்.

இராசமலர் நூலை அறுத்துவிட்டு ஊசியைக் கிற்றாரின் மேல் வைத்தாள். வைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் கையை எடுக்குமுன் ஊசி தானாகப் பாய்ந்து போய்ச் சுருளின் பித்தளை மூடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. தில்லைநாதனின் காதுக்குள் ‘டிங்’ என்றது.

அவன் ஊசியைப் பிடுங்கித் திரும்ப விட்டான். டிங். ஒரு முனையை விரலால் அமத்திக்கொண்டு மறுமுனையை நகத்தால் சுண்டினான். ஊசி பாடியது. சின்னதாக, கீச்சென்று, ஆனால் மறுக்கமுடியாத ஒரு சுரம். பித்தளை நரம்பைச் சுண்டினான். ஒன்றுமில்லை. ஊசியைச் சுண்டினான். சுரம். இராசமலரின் காதில் குமிழை வைத்து அவளையும் கேட்கச் சொன்னான்.

"உது இரும்பைக் கண்டால்தான் வாய் திறக்கும்போலை," என்றாள் அவள்.

காந்தம் இரும்பைத்தான் இழுக்கும், பித்தளையை அதற்குத் தெரியாது. இது நாலாம் வகுப்பில் படித்தது. அதே காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பித்தளையோடு மல்லுக்கட்டியிருக்கிறான். துருவுக்குப் பயந்து, பாடக்கூடிய ஒரேயொரு உலோகத்தைக் கடை மேசையில் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறான். தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். பிறகு மேசையில் இருந்த கடிதத்தை எடுத்து இராசமலரிடம் கொடுத்து, இன்றைக்குப் போடவேண்டாம் என்றான்.

இந்த முறை கிற்றாரை முழுதாகத் தோளில் போட்டுக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனான். மறைக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. லூர்த்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முதல் நாளே கிற்றார் எண்டு சொல்லியிருந்தால், அண்டைக்கே இரும்புத் தந்தி கட்டு எண்டு சொல்லியிருப்பன் தம்பி. நீ ரெலிபோன் எண்டாய். ரெலிபோனுக்கு ஆர் தந்தி கட்டுறது?"

தில்லைநாதன் சிரித்தான். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவன் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வீணைக்கடையில் உருக்குத் தந்தி வாங்கினான். கடைக்காரர், மருமகள் கெட்டிக்காரி என்றார். மெல்லிய மூன்றுக்கும் அது அப்படியே போதும். தடித்த மூன்றுக்கும் உருக்கின் மேல் செப்புக்கம்பி சுற்றவேண்டும், அதற்கு லேத் வேண்டும். மார்க்கண்டுவிடம் போய், அண்ணை, எலிக்கப்பல் இல்லை, இதுதான் என்று ஒப்புக்கொண்டான். மார்க்கண்டுவுக்குக் கோபம் வந்ததோ இல்லையோ, லேத்தை நிறுத்திவிட்டு, தன் இறுக்கிகள் ஆறும் நரம்பைப் பிடித்து நிற்கிற அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தந்தியை இழுத்துக் கட்டி, மெஷினை ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, செப்பை ஒன்றோடொன்று ஒட்டிப் படியவிட்டார். துருப்பிடிக்குமே அண்ணை என்று தில்லைநாதன் இழுத்தபோது, அவர் நிமிரவேயில்லை.

"நீ கப்பலிலை என்ன வேலை?"

"ஒயிலர்."

"பிறகென்ன? எண்ணெய் போடத் தெரியாதோ?"

அந்தப் பதில் அவனைத் திகைக்க வைத்தது. எவ்வளவு பெரிய எஞ்சினைத் துருவில்லாமல் வைத்திருந்தவன், ஆறு தந்திக்குப் பயந்திருக்கிறான்.

ஓகஸ்ட் ஏழாம் திகதி பின்னேரம் வீட்டு முற்றத்து வேம்பின் கீழே இருந்து முதல் தரம் வாசித்தான். வெளியே கேட்டது நரம்பில் நகம் படுகிற சின்னக் கிறுகிறுப்பு மட்டும். காதுக்குள்ளோ, நிறைந்து வழிந்தது. இளைஞனாக மேடையில் வாசித்த மெட்டு ஒன்றை முதலில் இருந்து கடைசிவரை வாசித்தான். மூச்சு முழுவதும் வெளியே வந்து, புதிதாக உள்ளே போனமாதிரி இருந்தது. பிறகு இராசமலரைக் கூப்பிட்டு, குமிழை அவள் காதில் செருகி, அதே மெட்டைத் திரும்ப வாசித்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், இவ்வளவு நல்லாயிருக்கிறதை ஏன் ஒருத்தருக்கும் கேளாமல் செய்தீர்கள் என்று கேட்டாள்.

சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல், இறுக்கி ஒன்றை முறுக்கிக்கொண்டே சொன்னான். அறை, தகடு, தறையாணிகள், நித்திரை, வால்வு. வயிற்றுவலி பொய் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்குள் சிரிப்பும் இருந்தது.

"பயந்து போனியள். அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"நான் நாலு மாசமாச் செத்துச் செத்துப் பிழைக்கிறன். அங்கை ஆரோ ஒருத்தி இருக்கிறாள் எண்டு நினைச்சன். இல்லாட்டி, ஏதோ செய்யக்கூடாததைச் செய்து, பிடிச்சு இறக்கிப்போட்டினம் எண்டு நினைச்சன். சுருள் சுத்தேக்கை ஒவ்வொரு புளியங்கொட்டைக்கும் ஒண்டொண்டா நினைச்சன். கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவியளோ எண்டுதான் கேக்கேல்லை."

தன் பயம் ஒன்றைத்தான் அவன் இத்தனை நாளும் வீட்டுக்குள் வைத்து வளர்த்ததாக எண்ணியிருந்தான். அவளும் அதே வீட்டில், அதே மேசைக்கு மறுபக்கத்தில், அதைவிடப் பெரிதாக ஒன்றை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கிற்றாரை நிலத்தில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வெட்கமாகவும் இருந்தது, முதுகில் இருந்து மூட்டை இறங்கினமாதிரி ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு அவளுக்குத் திடீரென்று வேறொன்று உறைத்துவிட்டது. அந்தக் கஞ்சி, அந்த அவித்த மீன், அதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்டு அவனை ஒரு பிடி பிடித்தாள். அன்று மிளகாய்த்தூள் போத்தல் கீழே இறங்கியது. நண்டுக் குழம்பில் அவள் தன் நாலு மாதக் கோபம் முழுவதையும் காட்டியிருந்தாள். மூக்காலும் கண்ணாலும் தண்ணீர் ஓட, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் தில்லைநாதன்.

பன்னிரண்டாம் திகதி கொழும்பில் கையெழுத்து வைத்தான். கப்பல் பதினான்காம் திகதி புறப்பட்டது. அதே அறை, அதே தகடு, இம்முறை கீழ்த்தட்டுப் படுக்கை. மேலே ஒரு பர்மாக்காரன் ஏற்கெனவே படுத்திருந்தான். காலை எட்டு மணி முறையை முடித்து, மத்தியானம் குளித்துச் சாப்பிட்டு, தில்லைநாதன் வந்து படுத்தான். கதவைச் சாத்தியதும் இருட்டு. கடல் உரசுகிற சத்தம் மெல்லத் தொடங்கியது. உள்ளங்கை வேர்க்கிறதா என்று தடவிப் பார்த்தான். கொஞ்சம் வேர்த்திருந்தது.

பையில் இருந்து கிற்றாரை எடுத்துத் தனக்கும் தகட்டுக்கும் நடுவில் கிடத்தினான். பித்தளையின் குளிர் முழங்கையில் பட்டது. குமிழின் வயரைப் பிரிக்கப் போனவன், அவசரமில்லை, பயம் முட்டினால் எடுத்து வாசிக்கலாம் என்று எண்ணினான். இராசமலர் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்தான். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். இந்த அறை எப்படியிருக்கும், எத்தனை தறையாணி, எல்லாமே தெரியும். நண்டுக் குழம்பை நினைத்துச் சிரிப்பு வந்தது.

யாரோ காலைப் பிடித்து ஆட்டினார்கள். பர்மாக்காரன். முறைக்கு நேரமாகிவிட்டது, எழும்பு என்றான். இரவு மணி ஏழரை; எட்டுக்கு அடுத்த முறை. ஆறரை மணித்தியாலம்! தில்லைநாதன் எழுந்து குந்தியிருந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். என்ன, சுகமில்லையா என்று கேட்டான் பர்மாக்காரன். இல்லை, நல்ல சுகம் என்றான் இவன். குமிழின் வயர் இராசமலர் சுற்றிக் கட்டிவிட்ட கட்டோடு அப்படியே கிடந்தது.

கப்பல் அடுத்துத் தரித்த துறையில் இருந்து வீட்டுக்குக் கடிதம் போட்டான். வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவன், இம்முறை எழுதியது இரண்டே வரி.

"கிற்றாரை இன்னும் வாசிக்கவில்லை. நித்திரை வருகிறது."